பெரட்டு நேரத்து வியாதி

இதை நான் மத்தியானங்களில் எழுதுகிறேன். காலையில் என் விரல்கள் பென்சில் பிடிக்காது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் எழுத்துக்கூட்டி எழுத வரும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டால் படிக்க வேண்டாம். வரிசை வீடுகளான எங்கள் லயத்திலும் அடுத்த லயங்களிலும் கைகால் வீங்கி, வாயை மூடிக்கொண்டு கிடக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பெயர் பாக்கியம். வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். என் கை வேகத்தை நானே சொல்லிக்கொள்வது அழகில்லை, ஆனாலும் சொல்வேன். மலையில் நிற்கும்போது கங்காணி மற்றவர்களைத் திட்டுவதற்கே என் பேரைத்தான் எடுப்பார். "பாக்கியத்தப் பாத்துப் பழகுங்கடி, அவளுக்கு மட்டும் என்னா பத்து கையா இருக்கு?" என்பார். அதனால் எனக்கு வயிற்றெரிச்சல்காரிகளும் நிறைய இருந்தார்கள்.

மகள் பேச்சி பிறந்து நான் மறுபடி வேலைக்குப் போன கொஞ்ச நாளில் அது தொடங்கியது. ஒரு நாள் விடியற்காலை, வேலைக்குக் கூப்பிடுகிற பெரட்டுத் தப்பு அடிக்கிறது. எழுந்திருக்கிறேன், கை மடங்கவில்லை. இரண்டு கையிலும் விரல் முட்டிகள் வீங்கி, மணிக்கட்டு சுடுகிறது. கால் விரலைத் தரையில் ஊன்றினால் கண்ணில் தண்ணீர் வருகிறது. பிள்ளை வீரிட்டு அழுகிறது. தூக்க முடியவில்லை. முழங்கையை வளைத்து, கோழிக்குஞ்சை அணைக்கிற மாதிரி இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டேன். குளிரில் விறைத்திருக்கும் என்று நினைத்தேன். பத்து மணிக்கெல்லாம் தானாகவே விட்டுப்போயிற்று. அன்று மத்தியானம் வழக்கம்போல் கொழுந்து எடுத்தேன்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான். தோட்டத்தில் பெரட்டு என்பது விடியற்காலையில் எல்லோரும் களத்தில் வந்து நிற்கிற நேரம். அங்கே நின்றால்தான் பேர் விழும், பேர் விழுந்தால்தான் வேலை. அந்த நேரத்தில்தான் என் கையும் காலும் கட்டையாகக் கிடக்கும். வெயில் ஏறிய பிறகு நான் எழுந்து வெளியே வருவேன், துணி அலசுவேன், பிள்ளையை, வேலைக்காரிகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவுக்குத் தூக்கிப்போவேன். அந்த நேரம் பார்த்துத்தான் மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா லயத்துப் பக்கம் வருவார்.

"என்னாடி, காலையில சாகக் கிடந்தியாமே. இப்ப நல்லாத்தானே குதிச்சிக்கிட்டுத் திரியிற?"

"காலையில மடங்கலிங்க ஐயா. இப்பத்தான் விட்டிருக்கு."

"வெயில் வந்தா விட்டுப்போற வியாதி! துரைகிட்ட சொல்லவா இத?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். தோட்டத்து டிஸ்பென்சரிடம் போனேன். அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பெரட்டு நேரத்துக்கு மட்டும் வர்ற வியாதி எங்க புத்தகத்துல இல்ல" என்று சொல்லி ஒரு தண்ணி மருந்து கொடுத்தார். வயிற்றுப்போக்குக்கும் அதே மருந்தைத்தான் கொடுப்பார். பெரட்டு நேரத்து வியாதி என்ற பேர் அன்று சாயங்காலமே லயம் முழுக்கப் பரவிவிட்டது. பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால், "அடியே, எனக்கும் அந்த வியாதியைக் கொஞ்சம் ஒட்டிவிடேன், நாளைக்கு நல்லாத் தூங்குவேன்" என்று சிரித்தார்கள். நானும் முதலில் சேர்ந்து சிரித்தேன்.

என் வீட்டுக்காரர் மாரிமுத்து பேக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. நல்ல மனுஷன், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். அவர் செய்ததைச் சொல்கிறேன். தப்பு அடிக்கும் முன்பே எழுந்து அடுப்பை மூட்டி, நொச்சி இலை போட்டு வெந்நீர் வைத்து, என் இரண்டு கையையும் அதில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு விரலாக உருவிவிடுவார். என் தலையைக்கூட அவர்தான் வாரிவிட்டார். எனக்குக் கை தோளுக்கு மேலே போகாது. பின்னல் போடத் தெரியாமல் கயிறு திரிக்கிற மாதிரி முறுக்கிவிடுவார். பக்கத்துக் காம்பரா செல்லாயி கைக்குழந்தைக்காரி. தன் பிள்ளைக்குக் கொடுத்த மிச்சப் பாலை என் பிள்ளைக்கும் கொடுத்தாள். இவ்வளவு அன்பும் இருந்தது. இருந்தும் நான் உள்ளே செத்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன்.

வலி பெரிதில்லை. பிள்ளை பெற்றவளுக்கு வலி என்ன புதிதா? யாருமே நம்பாததுதான் தின்றது. எல்லோரும் பொய் பொய் என்று சொல்லச் சொல்ல, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மத்தியானத்தில் கையை மடக்கி மடக்கிப் பார்ப்பேன். மடங்கும். 'அப்படியானால் காலையில் நீ நடித்தாயா, பாக்கியம்?' என்று நானே என்னைக் கேட்பேன். பிறகு பேசுவதை விட்டேன். சோறு இறங்கவில்லை. பிள்ளை அழுதால் ஓடிப்போக வேண்டும் என்று தோன்றாது, காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் தோன்றும். பெற்றவளுக்கு இப்படித் தோன்றுமா என்று கேட்பீர்கள். தோன்றும். எனக்குத் தோன்றியது.

காற்றுக் கருப்பு பிடித்திருக்கிறது என்று ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். அவர் உடுக்கை அடித்து, வேப்பங்குழையால் என் கையிலேயே போட்டு அடித்து, "யார்ரா நீ? எந்த ஆத்துல விழுந்து செத்தவ? சொல்லு!" என்று கத்தினார்.

"நான் பாக்கியம்தான்யா! கைய விடுய்யா, உசிரு போகுது!" என்று நானும் கத்தினேன்.

"பாத்தீங்களா, பேய் பேசுது" என்றார்.

ஒரு காலையில் எல்லோரும் மலைக்குப் போன பிறகு, பேச்சியைச் செல்லாயியிடம் விட்டுவிட்டு, கீழே ஓடுகிற ஆற்றுக்கு, ஓயாப் பக்கம், இறங்கிப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் பாதி வழிக்கு மேல் முழங்கால் வளையவில்லை. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மழை கொட்டுகிறது, அட்டை ஏறுகிறது. சாவதற்குக்கூட இந்தக் கால் ஒத்துவர மாட்டேன் என்கிறதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்து, தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நான் போகும்போது என் முகம் சரியில்லை என்று செல்லாயி பேக்டரிக்கு ஓடிச் சொல்லியிருக்கிறாள். மாரிமுத்து வந்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. கொழுந்துச் சாக்கைத் தூக்குகிற மாதிரி என்னை முதுகில் தூக்கிக்கொண்டு மேடேறினார். அவர் முதுகு நடுங்கியது எனக்குத் தெரிந்தது.

இது தோட்டம் முழுக்கத் தெரிந்துபோயிற்று. டிஸ்பென்சர் மாரிமுத்துவைக் கூப்பிட்டார். என்னையும் வைத்துக்கொண்டே சொன்னார்: "இவ கையில ஒண்ணுமில்லப்பா. எல்லாம் தலையிலதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். அங்க டாக்டரும் பாத்து கையில ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டார்னா, கொழும்புப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும். வீட்ல வச்சிருந்தா புள்ளைக்கும் ஆபத்து."

எங்கள் தோட்டத்திலிருந்து ஒருத்தியை முன்னொரு காலத்தில் அங்கே அனுப்பியிருந்தார்கள். அவள் திரும்பி வரவில்லை. அவள் பிள்ளைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்து வளர்த்தார்கள். அவள் பெயரைச் சொல்லித்தான் எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை மிரட்டுவோம். என் பேச்சியையும் நாளைக்கு யாராவது என் பெயரைச் சொல்லி மிரட்டுவார்களோ என்ற நினைப்பு வந்தது. சாகப் போனவளுக்கு அன்றுதான் முதல்முதலாக உண்மையான பயம் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட காலையில் மாரிமுத்து வழக்கத்துக்கு மேலே பாடுபட்டார். பெரிய டாக்டர் முன்னால் அழுக்காகவும் எண்ணெய் நாற்றத்தோடும் போகக்கூடாது அல்லவா? வெந்நீரில் குளிக்க வைத்து, கைகாலை நெடுநேரம் உருவிவிட்டு, கல்யாணப் புடவையைச் சுற்றிவிட்டார். "அங்க போயி வாயத் தொறக்காத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார். எங்கள் ஆட்கள் துரை முன்னாலும் டாக்டர் முன்னாலும் அப்படித்தான். ரயில் ஏறி, இறங்கி நடந்து, வெளிநோயாளர் கூடத்து வாங்கில் உட்கார்ந்தோம். புண்ணுக்குக் கட்டியவர்கள், காய்ச்சல்காரர்கள், இருமுகிறவர்கள் என்று கூடம் நிறைய ஆள். என் பெயர் கூப்பிட்டபோது பதினொரு மணி இருக்கும்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடி, நரைத்த மீசை. டிஸ்பென்சரின் துண்டைப் படித்துவிட்டு, "கையை மடக்கு, பிள்ளை" என்றார்.

மடக்கினேன். மடங்கியது! பாவி விரல்கள் அன்றைக்கென்று பூப்போல மடங்கின.

"விரி."

விரித்தேன்.

"நல்லாத்தானே கிடக்கு" என்று டாக்டர் மாரிமுத்துவைப் பார்த்தார். மாரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்சம் வீக்கம் இருக்கிறது, ஆனால் கொழுந்து எடுக்கிற கையில் அது இல்லாமலா இருக்கும் என்று டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை நர்ஸ் எனக்குத் தமிழில் சொன்னாள். சில நாள் வார்டில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு எழுதலாம் என்றும் சொன்னாள்.

அந்த வார்டை நான் மறக்க மாட்டேன். ஒரு நீளக் கூடம், இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள், பினாயில் வாடை. ரத்தம் எடுத்தார்கள், மூத்திரம் எடுத்தார்கள், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றிலும் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். இரவுகளில் போர்வையின் பாரம்கூடக் கால் விரலில் தாங்காது. புரண்டு படுக்க முடியாது. பால் கட்டி மார் வலிக்கும், பிள்ளை மலைக்கு மேலே செல்லாயியிடம் இருக்கும். கூரையைப் பார்த்தபடி, கொழும்பு எப்படி இருக்கும், அங்கே ஜன்னல் இருக்குமா என்று நினைத்துக்கொண்டே கிடப்பேன். விடிந்ததும் சோமாவதி என்ற சிங்களப் பணிப்பெண் தேயிலைத் தண்ணி கொண்டுவருவாள். "அனே பாவம், கை சூடு பண்ணு" என்று தகரக் கோப்பையை என் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துப் பொத்திவிடுவாள். நல்லவள். எழுப்பி நடக்கவைத்து, முகம் கழுவி, தலை சீவி, பதினொரு மணிக்கு டாக்டர் வரும்போது என்னைப் பொம்மை மாதிரி உட்கார்த்திவைப்பாள். டாக்டர் வருவார். மடக்கு என்பார். மடங்கும். போய்விடுவார்.

ஒவ்வொரு நாளும் சொல்லிவிடத்தான் நினைத்தேன். வாயைத் திறக்காதே என்று புருஷன் சொன்னது ஒரு பக்கம். டிஸ்பென்சர் சிரித்தது ஒரு பக்கம். இவரும் சிரித்துவிட்டால் நான் அப்புறம் எங்கே போவேன்?

பக்கத்துக் கட்டிலில் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சி. ஒரு விடியற்காலை அவளுக்கு வலி எடுத்துவிட்டது. குழந்தை கால் முன்னே வருகிறது என்று மருத்துவிச்சி பதறி டாக்டர் வீட்டுக்கு ஆள் அனுப்பினாள். டாக்டர் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓடி வந்தார். வெளிச்சம் போதவில்லை. சோமாவதி வெந்நீருக்கு ஓடியிருந்தாள். டாக்டர் திரும்பிப் பார்க்காமலே பக்கத்தில் இருந்த என்னிடம், "பிள்ளை, அந்த லாம்பைத் தூக்கிப் பிடி!" என்றார்.

எழுந்து உட்காரவே எனக்குப் பெரும்பாடு. எப்படியோ இரண்டு மணிக்கட்டாலும் லாம்பை அணைத்துத் தூக்கினேன். நழுவி விழுந்தது. சிம்னி நொறுங்கியது.

"உனக்கென்ன கையில்லையோ?" என்று டாக்டர் கோபத்தில் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் அலறிய அலறலில் பிரசவக்காரியே ஒரு கணம் தன் கத்தலை நிறுத்திவிட்டாள். டாக்டர் கையை விடவில்லை. பிடியை மட்டும் தளர்த்தினார். அவர் விரல் என் முட்டிகளைத் தடவிக்கொண்டு போனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிறகு பிரசவத்துக்குத் திரும்பினார். வேறு லாம்பு வந்தது. ஆண் குழந்தை, அழுதது. அதன் பிறகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் பார்க்கேக்க இந்தக் கை இப்பிடி இருக்கேல்லையே."

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. புருஷன் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. "நீங்க பதினோரு மணிக்கு வர்றீங்க! இது விடியக்காலம் வந்துட்டு, நீங்க வர்றதுக்குள்ள போயிடுது! நான் என்னாங்க பண்றது? உங்களுக்காகப் புடிச்சிக் கட்டிப்போடவா?" என்று கத்தினேன். வார்டே எட்டிப் பார்த்தது.

டாக்டர் கோபிக்கவில்லை. "காலமை காலமை இப்பிடித்தானோ?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "வெந்நீர் வைக்கிறனீங்களோ?" அதற்கும் ஆட்டினேன். மாரிமுத்து உருவிவிட்டதையும் சோமாவதி கோப்பையைப் பொத்திவிட்டதையும் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். என்மேல் அன்பு வைத்தவர்களெல்லாம் சேர்ந்து, டாக்டர் வருவதற்குள் என் வியாதியைத் துடைத்து மறைத்திருக்கிறார்கள்.

"இது மூட்டுவாதம், பிள்ளை. மூட்டுக்குள்ள ஒரு மெல்லிய தோல் கிடக்கு. அது அழன்று வீங்கிப்போச்சு. படுத்துக் கிடக்கேக்க இறுகும், ஆட்ட ஆட்ட விடும். அதுதான் இந்த வருத்தத்தின்ர குணம். நீ பொய் சொல்லேல்லை. உனக்கு விசரும் இல்லை."

வருத்தம் என்றால் அவர்கள் பேச்சில் வியாதி, விசர் என்றால் பைத்தியம்.

"மாறுமாங்க?"

"மாறாது. குறையும், கூடும். ஆனா முற்றாக மாறாது."

நான் சிரித்தேன். வயிறு குலுங்கச் சிரித்தேன். தீராத வியாதி என்று டாக்டர் சொல்லக் கேட்டுச் சிரித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சோமாவதி கையில் தேயிலைத் தண்ணியோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பிறகு சிரிப்பு அழுகையாக மாறி, நிறுத்த முடியாமல் போயிற்று.

கொழும்புப் பேச்சு அத்தோடு போனது. ஆனால் வியாதி போகவில்லை. சாலிசிலேட் என்று ஒரு உப்பு மருந்து கொடுத்தார்கள். வலி தணிந்தது, காதில் மட்டும் ஓயாமல் வண்டு இரைந்தது. பல்லில் இருக்கிற சீழ்தான் மூட்டில் இறங்குகிறது என்று அந்தக் காலத்து டாக்டர்கள் நம்பினார்கள். என் கடைவாய்ப் பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். என்னை நம்பியவர் கேட்கிறார் என்று வாயைத் திறந்து கொடுத்தேன். மூட்டு அப்படியேதான் இருந்தது. பல்தான் போயிற்று. முறுக்கு மெல்ல முடியாது என்பதைத் தவிர எனக்கு அதில் கோபமில்லை.

டாக்டர் எங்கள் தோட்டத்துத் துரைக்குச் சொல்லி அனுப்பினார். பெரட்டுக்கு வராமல், வெயில் ஏறிய பிறகு வந்து அரைநாள் வேலை செய்து அரைப்பேர் வாங்கலாம் என்று உத்தரவாயிற்று. கண்டாக்கையா என்னைப் பார்த்ததும், "வாங்க மகாராணி, தூங்கி எந்திரிச்சீங்களா?" என்பார். "ஆமாங்க, இப்பத்தான் பல்லக்குல எறங்குனேன்" என்பேன். இப்படி நாட்கள் ஓடின. இத்தோடு முடித்தால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் நடந்தது அதுவல்ல.

ஒரு நல்ல காலம் வந்தது. வீக்கம் வடிந்து, காலையில்கூட விரல் ஓரளவு மடங்கியது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பேச்சி நடக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு நாள் தடுக்கி விழுந்தாள். பக்கத்திலேயே நான் இருந்தேன், கையை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, என்னைத் தாண்டி ஓடி, செல்லாயியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா தூக்க மாட்டாள் என்று அவளுக்குப் பழகிப்போயிருந்தது. செல்லாயிக்குத்தான் சங்கடம். "சின்னப் புள்ளதானேடி" என்றாள். அன்றிலிருந்து அந்த இருட்டு மறுபடி உள்ளே இறங்கியது. கை நன்றாக இருக்கிறது, மனம் மட்டும் ஓயாப் பக்கமே போகிறது. இதை யாரிடம் சொல்வது? வீங்கிய கையைக் காட்டியே நம்பவைக்க அவ்வளவு பாடுபட்டேன். இதில் காட்ட என்ன இருக்கிறது? மாரிமுத்துவிடம் சொல்ல வாய் வரவில்லை. மறுபடி அந்த முதுகு நடுங்குவதை நான் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

ஒரு காலை அவரிடம் டவுனுக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, தனியாக ரயில் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே கூடம், அதே வாங்கு. என்னத்துக்கு வந்தாய் என்று கேட்பார்களே, என்ன சொல்வது என்று பலமுறை எழுந்து போகப் பார்த்தேன். பெயர் கூப்பிட்டார்கள். அதே டாக்டர்தான், பதினொரு மணி.

"என்ன பிள்ளை, கை கூடிப்போச்சோ?"

"கைக்கு இல்லைங்க ஐயா. கை நல்லா இருக்கு." இரண்டு கையையும் மடக்கி விரித்துக் காட்டினேன். "செத்துப்போகணும் போல இருக்குங்க. எப்பவும் அதே நெனப்பு. அதுக்குத்தான் வந்தேன். காட்ட ஒண்ணும் இல்லைங்க."

சொல்லிவிட்டு, சிரிப்பாரோ கொழும்பு என்பாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் பேனாவை மூடினார். வெளியே நின்ற ஆட்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு, தன் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கூலியாட்கள் அவர் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அதுவும் இந்த வருத்தம்தான், பிள்ளை" என்றார். "இரு. முதல்ல இருந்து சொல்லு."

நான் உட்கார்ந்தேன்.